லியோகாதியாவின் வீடு இறங்கிய கணக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் ஆண்டு ஏப்ரல் ஒன்பதாம் தேதி பிற்பகலில், அகுவா சோர்தா ஊரில் லியோகாதியா மோந்த்ரகோனின் வீடு ஒரு விரற்கடை பூமிக்குள் இறங்கியது. வாசலில் நின்று அவளுடைய கொழுந்தன் ப்ரொக்கோபியோ சொன்ன ஒரு பழமொழிதான் காரணம். சுவரில் கீறல் விழவில்லை, அலமாரியில் இருந்த தட்டுகள் அசையவில்லை, அடுப்பில் கிடந்த பீன்ஸ் சட்டி தளும்பக்கூட இல்லை. வாசற்படி மட்டும் காணாமல் போயிருந்தது. பனி உருகி மண் இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு லியோகாதியா கதவைச் சாத்தினாள்.

ப்ரொக்கோபியோ அந்த ஊர்க் கால்வாயின் மடைக்காரர். முப்பத்தொரு குடும்பங்களுக்கு எந்த நாள் யாருக்கு முறைத்தண்ணீர் என்று முடிவு செய்வது அவர்தான். பழமொழியாலேயே பேசுவார். கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, வேலி தாண்டிய மாட்டுக்கு ஒன்று என்று அவரிடம் இல்லாத பழமொழி கிடையாது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்துகூட ஆட்கள் தகராறைக் கூட்டிக்கொண்டு வந்து, அவர் வாயிலிருந்து ஒரு வரி கேட்டுவிட்டுச் சமாதானமாகத் திரும்பிப் போவார்கள். பழமொழிகளில் குற்றம் இருந்ததில்லை. மிளகாயை எப்போது நடுவது, உறைபனியை எப்படி முன்கூட்டியே அறிவது, எப்படிப்பட்டவனுக்கு ஏணியை இரவல் கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் அந்த ஊர் அவற்றை வைத்துத்தான் தெரிந்துகொண்டு பிழைத்தது. ப்ரொக்கோபியோ அவற்றை வேறொன்றுக்கும் பயன்படுத்தினார். எதிரில் இருப்பவர் பேச வாயெடுக்கும்போது ஒன்றை எடுத்துப் போடுவார். எதிராளியின் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அவருக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. செத்துப்போன ஆயிரம் கிழவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அந்த பிப்ரவரியில்தான் அவருடைய அண்ணன் அம்ப்ரோசியோ நுரையீரல் காய்ச்சலில் இறந்திருந்தார். அம்ப்ரோசியோவின் நிலம் மனைவி லியோகாதியாவுக்கு வந்தது. நிலத்தோடு சேர்ந்த வியாழக்கிழமைத் தண்ணீர் வரவில்லை. வருடாந்தரக் கால்வாய்த் தூர்வாரலுக்கு வீட்டுக்கு ஓர் ஆண் வர வேண்டும் என்பது வழக்கம். லியோகாதியாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தானே மண்வெட்டியோடு போய் நின்றாள். ஐம்பத்துநாலு வயது. ப்ரொக்கோபியோ அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண்ணையும் கழுதையையும் ஈரமண்ணையும் சேர்த்து ஒரு பழமொழி சொன்னார். முப்பது ஆண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. தன் பங்கு தூரத்தைச் சாயங்காலம்வரை வாரி முடித்தாள். ஆனாலும் அவளுடைய வியாழக்கிழமையை ப்ரொக்கோபியோ தன் குதிரைமசால் தீவன வயலுக்குத் திருப்பிக்கொண்டார். அதை அவளிடம் சொல்ல வந்தபோதுதான் வாசற்படி மண்ணுக்குள் போனது.

அதன்பின் ஊரே அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்தது. பொறுமையைப் பற்றி ஒருவர், விதவைகளைப் பற்றி ஒருவர், கிடைத்ததோடு திருப்திப்படுவது பற்றி மூன்று பேர். ஒவ்வொன்றுக்கும் வீடு ஒரு விரற்கடை இறங்கியது. ஜூனில் கோழிகள் ஜன்னல் வழியாக நடந்து உள்ளே வந்தன. ஜூலையில் யாகப்பர் திருநாளன்று வாசற்கதவைத் திறக்க முடியாமல் போக, லியோகாதியா கூரையில் ஓட்டை போட்டு ஏணி இறக்கினாள். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஏணியில் ஏறும் முன் அவளுக்குப் பணிவைப் பற்றி ஒன்று சொன்னார். அது லத்தீனில் இருந்ததால் வீடு நாலு விரற்கடை இறங்கியது. வரி மதிப்பீட்டு அலுவலர் வந்து அளந்துவிட்டு, படிவத்தில் ‘நிலவறை’ என்ற கட்டத்தில் குறியிட்டுப் போனார்.

எல்லாப் பழமொழிக்கும் வீடு இறங்குவதில்லை என்பதை அடுத்த வீட்டு தொமசித்தாதான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஏற்பட்ட உறவால் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்று அழைத்துக்கொள்வார்கள். அவள் பன்றிக்கறி போட்ட சோளக் கஞ்சியான பொசோலே கொண்டு வந்து, சாப்பிட உட்கார்ந்ததும் பசியைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் ஒன்றைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வீடு அசையவில்லை.

“ஏன் கொமாத்ரே எறங்கல? நானும் அதே மாதிரி சொலவடைதானே சொன்னேன்!”

“நீ எனக்குச் சோறு போட்டுட்டுச் சொன்ன. அவங்க என் வாய மூடச் சொல்றாங்க.”

“அப்ப அந்தாளு மூஞ்சில முழிக்காதடி. இன்னும் ரெண்டு சொன்னான்னா கூரையும் உள்ள போயிடும்.”

லியோகாதியா அப்போது வெறுங்காலால் சமையலறைத் தரையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் மண் குளிர்ந்திருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள், பாதம் ஈரமானது.

“இல்ல,” என்றாள். “நாளைக்கே போயி முழிக்கிறேன்.”

அவள் வீடு ஒரு மேட்டின் விளிம்பில் இருந்தது. பின்பக்கம் பத்தடி கீழே அவளுடைய காய்ந்த நிலம். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து, பூசை முடிந்து ஆட்கள் கூடி நிற்கும் இடத்துக்குப் போய், எல்லார் முன்னாலும் ப்ரொக்கோபியோவிடம் தன் தண்ணீரைக் கேட்கத் தொடங்கினாள். ஒரே கேள்விதான். ப்ரொக்கோபியோவுக்கு ஒரு கர்வம் உண்டு: சொன்ன பழமொழியைத் திருப்பிச் சொல்ல மாட்டார். பேராசையைப் பற்றி, வாயாடிகளைப் பற்றி, பெட்டைக்கோழி கூவுவதைப் பற்றி, தன் செருப்பின் அளவு தெரியாமல் நடப்பவர்களைப் பற்றி ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக எடுத்து எறிந்தார். கால்வாய்க் கூட்டத்துக்கும் போனாள். அங்கே முப்பது பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்று மட்டும் வீடு ஒரு முழத்துக்குமேல் இறங்கியது. அவமானத்தில் அவள் முகம் சிவந்திருந்ததாகவும், ஆனால் போகும்போது எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனதாகவும் கூட்டத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

இப்படி இரண்டு வருடம். ஊருக்கு மேலே மலையில் பனி விழுவதும் அதே இரண்டு வருடத்தில் நின்றது. ஐம்பத்துமூன்றாம் ஆண்டு மே மாதம் வீடு சரளைப் படுகையில் உட்கார்ந்தது. சமையலறை மூலையில் ஊற்று கிளம்பிக் கணுக்கால்வரை ஏறியது. இப்போது பின்கதவு வயலின் மட்டத்துக்கு வந்திருந்தது. நடுவே ஆறடி மண்தான். லியோகாதியாவும் தொமசித்தாவும் பதினோரு நாள் தோண்டினார்கள். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் பின்கதவைத் தாண்டி அவளுடைய மிளகாய்ச் சால்களில் ஓடியது. அதே வாரம் ஊர்க் கால்வாயில் கடைசித் தண்ணீரும் வற்றி, அடியில் தவளைகள் காய்ந்து கிடந்தன.

முப்பது குடும்பங்களின் பயிரும் வாடியது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கூரைக்கு வந்து ஓட்டை வழியே எட்டிப் பார்த்தார்கள். லியோகாதியா ஒரே நிபந்தனைதான் வைத்தாள்.

“கீழ எறங்கி வரணும். சொலவடை கூடாது. உங்க வாயில என்ன இருக்கோ அதச் சொல்லிக் கேக்கணும்.”

பலருக்கு அது சிரமமாக இருந்தது. ஒருவர் தொப்பியைத் திருகிக்கொண்டே அரைமணி நேரம் நின்று “தண்ணி” என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னார். தூர்வாரலன்று சிரித்தவர்களில் ஒருவர் “சிரிச்சிருக்கக் கூடாது” என்றார். அவள் யாரையும் உட்காரச் சொல்லவில்லை, யாரையும் மன்னித்ததாகவும் சொல்லவில்லை; நாளைக் குறித்துக் கொடுத்து அனுப்பினாள்.

ப்ரொக்கோபியோ கடைசியாக வந்தார். ஏணியில் இறங்கி, தண்ணீரில் பூட்ஸோடு நின்று, வாயைத் திறந்தார். நாற்பது வருடமாகச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்துப் பேசாதவர் அவர். வருவதெல்லாம் பழமொழியாகவே வந்தது. தொண்டையிலேயே பிடித்து விழுங்கினார். ஏறிப் போனார். மறுநாளும் வந்து அப்படியே போனார். மூன்றாம் நாள் அவருடைய குதிரைமசால் வயல் முழுக்க மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. பெண்குதிரை வேலியின் மரப்பட்டையைக் கடிக்க ஆரம்பித்தது. அன்று லியோகாதியா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே, “நாக்கு செத்துப்போச்சா கொழுந்தனாரே? எங்க வூட்ட பூமிக்குள்ள அனுப்பின நாக்கு?” என்றாள். அவர் முகம் கோணியது. ஏறிப் போய்விட்டார்.

நாலாம் நாள் ஏணியின் பாதியில் நின்றபடியே பேசினார். நடக்கப் பழகுகிற குழந்தைபோல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“எங்கண்ணன் சாகக் கெடந்தப்ப ஒம்பது நாள் நான்தான் பக்கத்துல இருந்தேன். சளிய நான் தொடச்சேன். அவன் உங்க பேரச் சொன்னான், அண்ணி. உங்க பேர மட்டுந்தான் சொன்னான். என் பேர ஒரு தடவகூடச் சொல்லல.”

லியோகாதியாவின் கை மிளகாயில் நின்றது.

“அதுக்குத்தான் உங்க தண்ணிய எடுத்தேன். வழக்கமாவது மண்ணாவது. உங்களப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். இப்பவும் எரியுது. என் குதிரை சாகப்போவுது. எனக்குத் தண்ணி வேணும்.”

மேலே கூரையில் தொமசித்தாவின் ஆடு ஒன்று நடக்கும் சத்தம் கேட்டது.

“எனக்கும் உங்களக் கண்டா ஆகாது,” என்றாள் லியோகாதியா. “நீங்க ஒக்காந்திருக்கீங்கன்னுதான் அந்த ஒம்பது நாளும் நான் அந்த ரூமுக்குள்ள வரவே இல்ல. அவரு கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. செவ்வாக்கிழமை மண்வெட்டியோட வாங்க.”

செவ்வாய்க்கிழமை வந்தார். குதிரை பிழைத்தது. அடுத்த குளிர்காலத்தில் மலையில் பனி விழுந்து, கால்வாயில் மறுபடி தண்ணீர் வந்தது. ஊர்க்கூட்டம் வேறொருவரை மடைக்காரராக வைத்துக்கொண்டது. லியோகாதியாவும் ப்ரொக்கோபியோவும் கடைசிவரை சமாதானமாகவில்லை. பதினாலு வருடம், வாரம் தவறாமல் அவர் ஏணியில் இறங்கி வந்து, காப்பி குடித்து, அவளைப் பற்றித் தனக்குத் தோன்றியதைச் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார். அவளும் பாக்கி வைக்காமல் சொல்லி அனுப்புவாள். பக்கத்து வயலில் வேலை செய்தவர்கள், அவ்வளவு கொடூரமான பேச்சை வேறெங்கும் கேட்டதில்லை என்கிறார்கள்.

வீடு மேலே வரவும் இல்லை, அதற்குமேல் இறங்கவும் இல்லை. தபால்காரர் கடிதங்களை வாளியில் வைத்து இறக்குவார். விருந்தாளிகள் கூரை வழியாகத்தான் வருவார்கள். பூட்ஸ் மண்ணை மேலேயே தட்டிவிட்டு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் லியோகாதியா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் பாதி ஏறி வந்துவிடுவாள்.