மெழுகுச் சொட்டு

கிளமென்ட் மெழுகுவத்தியைச் சாய்த்து, பெட்டிக்குள் சின்ன உலோகத் தொப்பி போல் இருந்த டிரான்சிஸ்டரின் தலையில் ஒரு சொட்டு விட்டான். மாதாவுக்கென்று நேர்ந்து வைத்திருந்த மெழுகுவத்தி. சூடேறினால் உருகிக் காட்டட்டும் என்று, ஸ்ரீரங்கத்துப் பௌதிக டீச்சர் வேதவதி முதலில் வெண்ணெய்தான் வைத்தாள். பாலக்கரை வெயிலில் அது ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே வழிந்து ஓட, அவனுடைய ரேடியோக் கடையே சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தாள்.

பெட்டி, உப்பிலியபுரம் மருத்துவச்சி பவுனம்மாளுக்கு. அவள் வீட்டுக் கூரையில் பச்சைமலைக் காற்றுக்குச் சுற்றும் விசிறி ஒன்று கார் பேட்டரியை நிரப்புகிறது. அதில் பல்பு போட்டால் பிரசவம் முடிவதற்குள் பேட்டரி கையை விரித்துவிடும். டியூப்லைட் என்றால் வெகுநேரம் எரியும். ஆனால் பேட்டரி மின்சாரத்தை அதற்கேற்றபடி மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டும். டீச்சர் செய்த முதல் பெட்டி பாதி மின்சாரத்தைச் சூடாகவே தின்று, டிரான்சிஸ்டர்களையும் பொசுக்கிவிட்டது. போன மாதம் அரிக்கேன் வெளிச்சத்தில் ரத்தப்போக்கு கண்ணில் படாமல் ஒரு தாய் போய்விட்டாள். சொன்ன பவுனம்மாள் அழவில்லை. கேட்ட கிளமென்டுக்குத்தான் தாங்கவில்லை. இப்போது ஊரில் இன்னொருத்திக்கு எந்நேரமும் வலி எடுக்கலாம். கடையில் காத்திருக்கும் பவுனம்மாள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பியாக வேண்டும். கையில் இருப்பதோ கடைசி ஜோடி டிரான்சிஸ்டர்.

காலையில் டீச்சர் பெட்டிக்குள் இருந்த கம்பிச் சுருளை மொத்தமாகப் பிரித்துப் போட்டபோது அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒரு பாதியைச் சுத்திட்டு, அதுக்கு மேல இன்னொரு பாதியைச் சுத்தினது என் தப்பு, கிளமென்ட். ஒண்ணு விட்ட கரண்டை இன்னொண்ணு அந்த க்ஷணமே பிடிச்சுக்கணும். விலகி இருந்தா நடுவுல சிதறிப் போயிடறது. அந்தச் சிதறல்தான் சூடு."

இரண்டு கம்பிகளையும் ஒட்டப் பிடித்து ஒன்றாகவே சுற்றினாள். தப்பு என்று இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிற ஆளை அவன் கண்டதில்லை. எழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

ஸ்விட்ச் போட்டதும் பெட்டி மெல்ல விசிலடித்தது. டியூப்லைட் கண்சிமிட்டிப் பற்றிக்கொண்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மெழுகின் மேல். வாங்கி வைத்த டீ ஆறி ஏடு கட்டியது. சொட்டு வெள்ளையாகவே உட்கார்ந்திருந்தது.

கிளமென்ட் அதைச் சுரண்ட நகத்தைக் கொண்டுபோனான்.

"எடுக்காதீங்கண்ணே," என்றாள் பவுனம்மாள். "உருகுச்சுன்னா எனக்குத் தெரியணும்ல."

அவளைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மாதா கோயிலுக்குப் போனான். மிச்ச மெழுகுவத்தியை ஏற்றி வைத்தான். இது உருகட்டும், அது வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டு, மெழுகு வழிந்து இறங்குவதையே பார்த்தபடி நின்றான்.