ஆபிதா சொன்ன இலங்கை

சூட்கேஸ் கைப்பிடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது தோல் ஆலை மானேஜர் மன்சூர் அலி என் பட்டறைக்குள் தலையை நீட்டினார். ஐரோப்பாவிலிருந்து வந்த மூன்று மாணவர்கள் அவருடைய ஆலையில் ஆறு வாரமாக வேலை பழகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் கப்பலேறி இலங்கைக்குப் போகிறார்கள். மீதிப் பயிற்சி அங்கே ஒரு செருப்புத் தொழிற்சாலையில்.

"பரீத் பாய், நீங்க பதினோரு வருஷம் கொழும்புல இருந்தவுக. ஞாயித்துக்கிழமை வந்து அந்த நாட்டப் பத்திப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்த சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லிருதேன்" என்றார். சுத்தியல் என் கட்டைவிரலில் விழுந்தது.

பதினோரு வருஷம் இருந்தது உண்மை. இலங்கையைப் பார்த்தேனா என்றால், இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கொழும்புக்குப் போனால் ஜவுளிக்கடையிலேயே சாப்பாடு, துணி வெட்டும் மேசைமேலேயே படுக்கை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பள்ளிவாசல்வரை நடந்தால் அதுதான் ஊர் சுற்றியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துவிட்டு மறுபடி தூத்துக்குடியில் கப்பல். ஊரில், மேலப்பாளையத்தில் இருந்த என் மனைவி ஆபிதாவோ ஒவ்வொரு கடிதத்திலும், இந்த வாரம் எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்பாள். நான் புது மாப்பிள்ளை. ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதக் கை வருமா? துணி வாங்க வந்தவர்களிடம் அவரவர் ஊரை விசாரித்து, நானே போய்வந்ததுபோல எழுதித் தள்ளினேன். பிறகு விசாக் கெடுபிடி வந்து கொழும்பை விட்டேன். பம்பாய் வந்து தாராவியில் சூட்கேஸ் பட்டறை போட்டு அவளையும் அழைத்துக்கொண்டேன். அவள் என் கடிதங்களை, நாங்கள் குடியிருக்கும் சால் என்ற வரிசை வீடுகள் முழுவதும் கதையாகப் பரப்பிவிட்டாள். இப்போது வசமாக மாட்டிக்கொண்டேன். கதை அளந்துவிட்டால் யாரோ பெற்ற பிள்ளைகள் அந்நிய ஊரில் அல்லாடும். உண்மையைச் சொன்னால் ஆபிதா முகத்தில் எப்படி விழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை, வராதே என்று நான் சொன்னதற்காகவே ஆபிதா வந்தாள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, அடுத்த வீட்டுக் கனகவள்ளியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஆலைக் கொட்டகையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு பையன்கள், ஒரு பெண். பெண்ணின் பெயர் கிர்ஸ்டன், ஊர் டென்மார்க்காம். இலங்கை வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்து முதல் கேள்வியிலேயே என்னைச் சாய்த்துவிட்டாள். கண்டிக்கு ரயிலில் எத்தனை மணி நேரம்? எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும்?

நான் தொண்டையைச் செருமினேன். இன்னொரு தடவை செருமினேன்.

"நாலு மணி நேரம் பிடிக்கும்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஆபிதாவின் குரல் வந்தது. "போவும்போது வலது பக்கம் உக்காரணும். பள்ளத்தப் பாத்தா கிறுகிறுன்னு வரும்."

மன்சூர் அலி மொழிபெயர்த்தார். மூன்று பேனாக்களும் ஓடின. அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. நுவரெலியாவுக்குக் கம்பளி வேண்டும், காட்டுப்பாதையில் அட்டை ஏறும், சவுக்காரத்தைக் காலில் தேய்த்துக்கொள்ள வேண்டும், கண்டியில் பெரஹரா என்ற யானை ஊர்வலத்துக்கு மத்தியானமே இடம் பிடிக்க வேண்டும். யார் யாரிடமோ கேட்டு நான் எழுதியதெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீங்கள் எத்தனை வருஷம் அங்கே இருந்தீர்கள் என்று கிர்ஸ்டன் அவளைக் கேட்டாள்.

"நானா? நான் கப்பல்லயே ஏறுனதில்ல. எல்லாம் இவுக பாத்து எழுதுனது."

மூன்று ஜோடி நீலக் கண்களும் என்னிடம் திரும்பின. பார்த்ததில் எது ரொம்ப அழகு?

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நான் ஒண்ணும் பாக்கல" என்றேன். "கடையத்தான் பாத்தேன். துணி எடுக்க வந்தவங்க சொன்னத எழுதுனேன்."

மன்சூர் அலி மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார். ஆபிதா எழுந்து நின்றாள்.

"பெரஹராவுல யானை ஒங்க தொப்பியத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டுன்னு எழுதுனியளே?"

"அது... சும்மா."

"அல்லாவே! அதத்தான நான் சால் பூராவும் சொல்லி வச்சிருக்கேன்!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கு உயிர் போயிற்று. சிரிப்பு. கனகவள்ளி சிரித்தாள், மன்சூர் அலி சிரித்தார், ஒன்றும் விளங்காமலேயே மாணவர்களும் சிரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் கிர்ஸ்டன், எல்லாவற்றையும் போய்ப் பார்த்து எது சரி, எது தப்பு என்று கடிதம் போடுவதாகச் சொன்னாள்.

"எழுதட்டும். பாத்தத மட்டும் எழுதச் சொல்லுங்க" என்றாள் ஆபிதா.

தெருவுக்கு வந்ததும் நின்றாள். "பம்பாய்க்கு வந்து எட்டு வருஷம் ஆச்சி. இங்கயாவது என்ன பாத்திருக்கிய?"

பட்டறை, பள்ளிவாசல், வீடு என்று விரல் மடக்கினேன். மூன்றாவது விரலோடு நின்றுவிட்டது.

"எனக்கு ஒரு வெரலே போதும், வீடு மட்டுந்தான்" என்றாள். கனகவள்ளியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மாஹிம் ஸ்டேஷன் பக்கம் விறுவிறு என்று நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

எங்கே போக வேண்டும் என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டார்கள். எனக்கு ஒரு பேரும் வாயில் வரவில்லை. ஆபிதா என்னை இடித்துக்கொண்டு குனிந்து, "ஆக்ரி ஸ்டேஷன், தோ டிக்கெட்" என்று தெரிந்த இந்தியில் கடைசி ஸ்டேஷனுக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெட்டியில் இடம் இருந்தது. ஜன்னலோரம் அவள்தான் உட்கார்ந்தாள். சர்னி ரோடு தாண்டியதும் கட்டிடங்கள் விலகி, வெயிலில் பளபளவென்று கடல் வந்தது. "எந்திரிங்க, எந்திரிங்க, போயிரப்போவுது" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காற்றில் பறந்து என் முகத்தை மூடிய துப்பட்டியை ஒரு கையால் விலக்கிக்கொண்டே எழுந்து நின்று பார்த்தேன்.