மூடியில் எழுதிய தேதி

"எத்தனை நாள்ல சாப்பிட்டு முடிப்பீங்க?" என்று சீஸ் கடைக்காரம்மா கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அது தெரிந்தால் நான் ஏன் அங்கே போய் முழித்துக்கொண்டு நிற்கிறேன்?

என் மகன் போனில் சொல்லியிருந்தான்: "ஞாயித்துக்கிழமை வர்றேம்ப்பா. சின்ன வயசுல எனக்கு வாங்கித் தருவீங்களே, அந்த மாதிரி சீஸ் வாங்கி வைங்க." அவன் அம்மா தவறிப்போனதிலிருந்து ஒன்றரை வருஷமாக இந்த வாசப்படி மிதிக்காதவன். வாய்திறந்து ஒன்று கேட்டுவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைக்காரம்மா மெத்தென்று ஒன்றை நீட்டினார். "இது வாயில வெச்சா கரையும். ஆனா நாலு நாள்தான் தாங்கும்."

"நாலு நாளா? எம்பையன் சொன்ன தேதிக்கு வந்ததா சரித்திரமே இல்ல. தாங்குற சரக்கா குடும்மா."

அந்தம்மா சிரித்துக்கொண்டே கெட்டியான ஒன்றிலிருந்து பெரிய துண்டாக வெட்டினார். "பிளாஸ்டிக்ல இறுக்கிச் சுத்தாதீங்க, வேர்த்துடும். இந்தப் பேப்பர்ல சுத்தி, டப்பாவுல போட்டு, ஃபிரிட்ஜுல காய்கறி வைக்கிற எடத்துல வைங்க. பூசணம் வந்தா பயப்படாதீங்க. சுத்தி ஒரு விரல் அகலம் வெட்டி எறிஞ்சிட்டுப் பேப்பர மாத்துங்க. மூடியில தேதி எழுதிடுங்க."

தேதி எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். லிஃப்டுக்குள் மாட்டும் அட்டையில் அடுத்த சர்வீஸுக்கு வரவேண்டிய தேதியைத்தான் எழுதுவோம். முடிந்துபோன தேதி யாருக்கு வேண்டும்? அதே பழக்கத்தில் மூடியில் டேப் ஒட்டி, அவன் வரும் ஞாயிற்றுக்கிழமையை எழுதினேன்.

வரவில்லை. "ஆபீஸ்ல திடீர்னு வேலைப்பா. அடுத்த வாரம் கட்டாயம்." கட்டாயமாம்! அதை அடித்துவிட்டு அடுத்த தேதியை எழுதினேன். அப்புறம் காய்ச்சல். அப்புறம் வீடு மாற்றுகிறானாம். அப்புறம் டிக்கெட் கிடைக்கவில்லையாம். பச்சை பூத்தபோதெல்லாம் ஒரு விரல் வெட்டி, பேப்பர் மாற்றினேன். ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்க்கவும் மனம் வரவில்லை, அவனுக்கென்று வாங்கியது. போன் அடிக்காத நாளில் ஃபிரிட்ஜைத் திறந்து, டப்பாவைப் பார்த்துவிட்டு மூடுவேன். தனியாக இருக்க முடியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

ஐந்தாவது தேதிக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தான். மத்தியானம் என்றவன் நாலு மணிக்கு வந்தான். போகட்டும், வந்தானே. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவன் டப்பாவைப் பார்த்துவிட்டான்.

"என்னப்பா இது? நாலு தேதி அடிச்சிருக்கு! காலாவதி ஆனத இப்படி மாத்தி மாத்தி எழுதி வெச்சுத் தின்பீங்களா? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று டப்பாவைத் திறந்து, பேப்பர் பொட்டலத்தை அப்படியே குப்பைக் கூடையில் போட்டான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "டேய்! அது சீஸ் கெட்டுப்போற தேதி இல்லடா. நீ வர்றேன்னு சொன்ன தேதி!"

கையிலிருந்த மூடியைப் பார்த்தான். ஒவ்வொரு தேதியாகப் படித்தான். பிறகு கூடைப் பக்கத்தில் குந்தி, பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். தீப்பெட்டி அளவுதான் மிச்சமிருந்தது. இரண்டு பக்கம் பச்சை பூத்திருந்தது.

கத்தியை எடுத்தான். "எவ்ளோப்பா வெட்டணும்?" என்றான்.

"சுத்தி ஒரு விரல்."

அப்படி வெட்டினால் நடுவில் எதுவும் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.