விருந்தாளிகளுக்குச் சொன்ன இடம்

செனேன் இறந்த மூன்றாம் மாதம், அவர் நடத்திய கடலோர விடுதிக்கு மறுபடி வந்த ஒரு தம்பதி அவர் முன்பு எழுதிக் கொடுத்த சீட்டை அவர் மனைவி எதெல்வினாவிடம் காட்டினார்கள். 'அலை ஏறும்போது மேற்குப் பாறைக்குப் போங்கள். துளை வழியாகக் கடல் பீறிட்டு எழும். திரும்பும் வழியில் ஒலிவா கடையில் பால்சோறு சாப்பிடுங்கள். அதற்கு ஈடு கிடையாது.'

முப்பது வருடம் எதெல்வினா கிண்டிய பால்சோற்றை, 'பரவாயில்லை' என்று சொல்லித்தான் அவர் சாப்பிட்டார். அந்தப் பாறைக்கு ஒருநாளும் அவளைக் கூட்டிப் போனதில்லை. அன்று மதியமே வயிற்றெரிச்சலோடு ஒலிவாவின் கடையில் போய் உட்கார்ந்தாள்.

பால்சோற்றின் மேல் கருக்கிய சர்க்கரை கரண்டி பட்டு உடைந்தது. நன்றாகவே இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"மேற்குப் பாறைக்கு உன்னைத்தான் கூட்டிட்டுப் போவாராக்கும்?"

ஊர் வழக்கப்படி புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, சைடர் என்ற ஆப்பிள் மதுவைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்த ஒலிவா பாதியைத் தரையில் சிந்தினாள்.

"என்னையா? நல்லா கேட்டீங்கக்கா. ஒரு தடவை நானே வாய்விட்டுக் கேட்டேன். வேலை இருக்குன்னாரு. உங்களோட போறாருன்னு நான்ல வெந்துக்கிட்டு இருந்தேன்."

"எங்கிட்டயும் வேலை இருக்குன்னுதான் சொன்னாரு."

"ஊர் பேர் தெரியாதவங்களுக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்காரு பாருங்க."

ஒலிவா தரையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு அலை எப்போ ஏறுதுக்கா?"

"நாலரைக்கு."

ஒலிவா கடையைச் சாத்தினாள். பாறைக்குப் போகும் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். எதெல்வினா முன்னால் நடந்தாள். அதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.