முதலாளி அனுப்பிய பிள்ளை

சாய்ந்தமருதில் மூன்று கரைவலைக்குச் சொந்தக்காரரான முகம்மது தம்பி முதலாளி மகா புத்திசாலி. அதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் கல்முனை மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் வீடு தேடி வந்து, "உங்கள் மகளை எங்களிடம் படிக்க அனுப்புங்கள்" என்று கேட்டபோது அந்தப் புத்தியும் கொஞ்சம் திண்டாடித்தான் போனது. மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வழியில்லை. மனைவி ஸுலைஹா பிள்ளைப்பேற்றில் செத்துப் பிழைத்ததே மிஷன் மருத்துவச்சியின் கைராசியால்தான். ஓம் என்றாலோ, மகள் சுல்பிகா கிறிஸ்தவ வேதத்தில் சேரப் போகிறாள் என்று ஊர் கதைக்கும்.

பாம்பும் சாகவேண்டும், தடியும் முறியக்கூடாது. தன் வலை இழுக்கும் மக்கீனைக் கூப்பிட்டார்.

"ஒன்ட மகள் முனவ்வறாவ மிஷனுக்கு அனுப்பு. உடுப்பு நான் தாறன்."

முதலாளி சொல்லி மக்கீன் மறுப்பானா? முனவ்வறா போனாள். பாதிரியாருக்கு ஒரு முஸ்லிம் பிள்ளை கிடைத்தது, முதலாளியின் மானமும் தப்பியது. சுல்பிகாதான் சோறு தின்னாமல் அழுதாள். "நானும் போறன் வாப்பா" என்று கேட்டுக் கேட்டுக் களைத்தாள். அவருக்குப் பெற்ற மனம் கேட்கவில்லைதான். ஆனாலும் மனுசன் அசையவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு பெருநாளுக்கு வந்த பாதிரியார், இனிப்பான வட்டிலப்பம் தின்றபடி பழங்கதை பேசினார்.

"நான் முன்பு ஆபிரிக்காவில் இருந்தேன். அங்கே ஊர்த் தலைவர்கள் தங்கள் பிள்ளைகளை மிஷனுக்கு அனுப்பப் பயந்து, வேலைக்காரரின் பிள்ளைகளை அனுப்பினார்கள்."

ஆபிரிக்காவிலும் புத்திசாலிகள் இருக்கிறார்கள் என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பொறகு?" என்றார்.

"பிறகு துரைமாருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். வேலைக்காரரின் பிள்ளைகள் கிளாக்கரானார்கள். தலைவரின் பிள்ளைகள் அவர்களுடைய கந்தோருக்குப் போய் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள். நம்முடைய முனவ்வறாவும் நிச்சயம் டீச்சராவாள்."

பாதிரியார் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். முதலாளிக்கு வட்டிலப்பம் கசந்தது.

பாதிரியார் போனதும் போகாததுமாக ஸுலைஹாவைக் கூப்பிட்டார். "நாளைக்கே சுல்பிகாவ மிஷன்ல சேக்கிறன்."

"இஞ்சாருங்க, போன மாசம் புள்ள பெரிய புள்ளையானத்துக்கு ஊருக்கே சோறு போட்டீங்க. குமர வெளிய அனுப்பப்படாதெண்டு சட்டம் வெச்சதும் நீங்கதான்" என்றாள் ஸுலைஹா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

மறுநாள் முதலாளி மக்கீனின் குடிசைக்குப் போனார். விசயத்தை விழுங்கி விழுங்கி, "ஒன்ட மகளப் பின்னேரத்தில நம்மட ஊட்டுக்கு அனுப்பேலுமா?" என்றார்.

மக்கீன் பதறினான். "வேலைக்கா முதலாளி? அவளுக்குப் படிப்பிருக்கே." அவரிடம் அவன் மறுத்துப் பேசியது அதுதான் முதல்தடவை.

"வேலைக்கில்ல. சுல்பிகாக்குப் படிப்பிச்சுக் குடுக்க. நீ விரும்பினா."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் முனவ்வறா வேலைக்காரர் வழக்கப்படி பின்னால் குசினி வாசலாகச் சுற்றிப் போகப் பார்த்தாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சுல்பிகா கூப்பிட்டாள்.

"டீச்சர், முன்வாசலால வாங்க."

மகளின் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை முதலாளி கேட்டு வெகுகாலமாகியிருந்தது. வாசலை அடைத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, கதிரையை ஓரமாக இழுத்துவிட்டு, மக்கீனின் மகள் உள்ளே போகும்வரை நின்றுகொண்டிருந்தார்.