பத்தாயிரமாவது பருந்து

பறவை நண்பர்கள் சங்கத்தில் நாற்பது உறுப்பினர்கள். அவர்களில் பறவையை எண்ணுகிறவர் ஒருவர். மீதிப் பேர் நண்பர்கள்.

அந்த ஒருவரை எல்லோரும் லேப் அக்கா என்பார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வெள்ளணு, சிவப்பணு என்று எண்ணியே பாதி ஆயுளை ஓட்டியவள். வசந்த காலம் வந்ததும் வருஷ விடுப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள மலைமுகட்டுக்குப் போய்விடுவாள். குளிருக்குத் தெற்கே போன பருந்து, வல்லூறு, கழுகு எல்லாம் அந்த முகட்டுக்கு மேலேதான் வடக்கே திரும்பும். அவற்றை எண்ணுவாள்.

"அங்கேயும் எண்ணுறே, இங்கேயும் எண்ணுறே. லீவுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று கணவர் கேட்பார்.

"அங்க குனிஞ்சு எண்ணுறேன், இங்க நிமிர்ந்து எண்ணுறேன். கழுத்துக்கு ஒரு மாறுதல் வேண்டாமா?" என்பாள்.

எண்ணுவதற்கு முறை உண்டு. முகட்டின் ஒரு கோடியில் துருப்பிடித்த கம்பம், மறுகோடியில் ஒற்றைப் பாறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டைத் தாண்டி வடக்கே போனால் வலது கையில் இருக்கும் எண்ணுகருவியில் ஒரு அமுக்கு. போன பறவை மனசு மாறித் திரும்பி வந்தால் இடது கைக் கருவியில் ஒரு அமுக்கு. சாயங்காலம் வலதிலிருந்து இடதைக் கழித்தால் அன்றைய கணக்கு. குப்பைமேட்டை நம்பி ஊரிலேயே குடித்தனம் நடத்தும் பருந்துகள் இதில் சேராது. அவை பயணிகள் அல்ல, வாக்காளர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து காற்றையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது அவள் கொழுந்தன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கோடை விடுமுறையில் வேனும் அவனும் அண்ணிக்கு.

முகட்டில் காற்று உண்டு, வெயில் உண்டு, சங்கத் தலைவர் தன் பெயரைப் பொறித்து நட்டுவைத்த வழிகாட்டிப் பலகை உண்டு. கழிப்பறைதான் இல்லை. ஆண்களுக்கு அந்த மலை முழுக்கக் கழிப்பறைதான். லேப் அக்காவோ விடிந்து மேலே ஏறினால் பொழுது சாய்ந்து இறங்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். போன வருஷம் அது கணக்குத் தீர்த்தது. குளிர்க்காய்ச்சலோடு வேலைக்குப் போய், தன் சிறுநீரைத் தானே சோதித்து, முடிவைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் நீட்டினாள்.

"அடுத்த வருஷமும் இப்படின்னா என்கிட்ட வராதீங்க, நேரா கிட்னி டாக்டர்கிட்ட போங்க" என்றார் அவர்.

கழிப்பறை வராவிட்டால் இதுதான் கடைசி வசந்தம் என்று வீட்டில் முடிவாயிற்று. அவள் வாதாடவில்லை. ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்தவள்.

ஒரே வழி இருந்தது. ஒரு பருவத்தில் பத்தாயிரம் பறவை தாண்டினால் அந்த இடத்தை முதல் தரம் என்று வனத்துறை அறிவிக்கும். முதல் தரத்துக்கு நிழற்கூரை, இருக்கை, கழிப்பறை.

தலைவருக்கும் பத்தாயிரம் வேண்டியிருந்தது, வேறு காரணத்துக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தன்னை வணங்க ஆளில்லை என்று கண்டு பறவைகளிடம் வந்தவர். பறப்பதெல்லாம் அவருக்குக் கழுகு. கணக்கு பத்தாயிரத்தை நெருங்கியதும் விழாவுக்குத் தேதி குறித்து, பதாகை அடித்து, துறை அதிகாரியையும் அழைத்துவிட்டார். பருந்துகளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

விழா தொடங்கும்போது கணக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. வெயில் ஏறியதும் கீழே பள்ளத்தில் சூடான காற்று எழும்பியது. அதைப் பிடித்துக்கொண்டு தேன்பருந்துக் கூட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி மேலேறி, சிறகை விரித்து முகட்டுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. நாற்பத்து மூன்று.

"தாண்டிடுச்சு" என்றாள்.

கைதட்டல். தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்தப் பறவைகள் என்னை நம்பி வருகின்றன..." என்று ஆரம்பித்தார். காற்று திரும்பியது. பேச்சுக்கு நடுவே டிக், டிக் என்று ஒரு சத்தம் மைக்கில் விழுந்தது.

"என்னம்மா அது?"

"திரும்பி வருதுங்க தலைவரே. பதினோரு பறவை."

தலைவர் மைக்கைக் கையால் பொத்தினார். பொத்தியும் எல்லோருக்கும் கேட்டது. "அதுங்க எதையாவது மறந்து வச்சிட்டு வந்திருக்கும். எடுத்துக்கிட்டுப் போயிடும். நீ எதுக்கும்மா கழிக்கிறே?"

கொழுந்தன் காதோரம் வந்தான். "அண்ணி, எட்டுதான் குறையுது. கண்ணை மூடிக்கிட்டு அமுக்குங்க. சாயங்காலம் இறங்குறப்ப பள்ளத்துக்குப் பள்ளம் நீங்க பல்லைக் கடிக்கிற சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேக்குது."

ஆய்வகத்தில் எட்டைக் கூட்டிப் போட்டால் யாரோ ஒருவனுக்குத் தப்பு மருந்து போகும். இங்கே கூட்டிப் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவளுக்கு நல்லதுதான் ஆகும். எல்லாம் தெரிந்தும் கட்டைவிரல் மடங்க மறுத்தது.

"இப்ப எவ்வளவு?" என்றார் அதிகாரி.

"ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ரெண்டுங்க."

அதிகாரி ஃபைலை மூடினார். "பத்தாயிரம் ஆனதும் சொல்லி அனுப்புங்க" என்று காரில் ஏறினார். தலைவர் பதாகையைத் தன் கையாலேயே சுருட்டினார். இறங்கும் வழியில் கொழுந்தன் ஒவ்வொரு பள்ளத்திலும் வேனை நிதானமாக இறக்கி ஏற்றினான்.

மறுநாள் தெற்குக் காற்று. உச்சிப்பொழுதுக்குள் முந்நூறுக்கு மேல் போய்விட்டது. தலைவருக்குப் போன் செய்தாள்.

"தாண்டிடுச்சுங்க."

"யாரைக் கேட்டுத் தாண்டுச்சு?" என்றார். அவருக்குத் துறையின் சுற்றறிக்கை மனப்பாடம். பத்தாயிரமாவது பறவையை அதிகாரி நேரில் கண்டு சான்றளிக்க வேண்டுமாம். அதிகாரிக்கு இரண்டு வாரம் சுற்றுப்பயணமாம். "அவர் வர்ற வரைக்கும் நிறுத்தி வைம்மா."

"நிறுத்தி வைக்க அதென்ன தலைவரே, உங்க ஆபீஸ் லிஃப்ட்டா?"

"சரி, எண்ணிக்கோ. பத்தாயிரம் இன்னும் ஆகலைன்னு வச்சுக்கோ."

கொஞ்சம் யோசித்தாள். "விழா உங்களோடது, அதுல நீங்க எதை வேணும்னாலும் காட்டிக்கோங்க. கணக்கு என்னோடது. என்கிட்ட கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்."

"கேக்கமாட்டாங்க" என்றார் தலைவர்.

இரண்டாம் விழா நடந்தபோது அவள் கணக்கு பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. பருவமும் முடிந்திருந்தது. வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி கிடந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவருக்கு வியர்த்தது. அப்போது குப்பைமேட்டுப் பக்கமிருந்து ஒரு பருந்து சாவகாசமாக வந்தது.

"அதோ! பத்தாயிரமாவது!" என்றார் தலைவர்.

"என்ன கம்பீரம்!" என்றார் அதிகாரி. "எங்கிருந்து வருது?"

"கடல் கடந்து வருது சார்."

"கறிக்கடைக்குப் பின்னாடி இருந்து" என்றான் கொழுந்தன், அண்ணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"கால்ல என்னமோ தொங்குதே?"

"தொலைதூரப் பயணம் இல்லையா சார். கட்டுச்சோறு."

தொங்கியது கோழிக்குடல். பருந்து கோட்டைத் தாண்டியது, ஒரு வட்டம் அடித்தது, வந்த வழியே திரும்பியது. தலைவர் கலவரத்தோடு லேப் அக்காவின் இடது கையைப் பார்த்தார். கருவிகள் இரண்டும் பையில் கிடந்தன.

"நீங்கதானே எண்ணுறவங்க?" என்று அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "பத்தாயிரம் ஆச்சுதானே?"

"தாண்டியாச்சுங்க" என்றாள்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தலைவர் கண்ணைத் திறந்தார், மைக்கைத் தேடினார்.

"கழிப்பறை எந்த இடத்துல வரணும்?" என்றார் அதிகாரி.

"என் பலகைக்குப் பக்கத்துல வச்சா வர்றவங்க கண்ணுல படும்" என்றார் தலைவர்.

லேப் அக்கா நடந்து போய், கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் சமதரையாக இருந்த இடத்தில் நின்று காலால் ஒரு கட்டம் கீறினாள். "இங்க. தெற்குச் சுவத்துல ஒரு ஜன்னல் வேணுங்க."

"காத்துக்கு மேல ஒரு ஓட்டை விடுவாங்கம்மா."

"மேல வேண்டாங்க. உள்ள உக்கார்ந்தா கண் உயரத்துக்கு."

"அண்ணி, அங்கேயாவது எண்ணாம இருங்களேன்" என்றான் கொழுந்தன்.

"நான் உள்ள இருக்கிற நேரம் நாப்பது போயிடுச்சுன்னா?"

அதிகாரி அவளை ஒரு தடவை பார்த்தார், மலையை ஒரு தடவை பார்த்தார், பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துக்கு மேலே இருந்த இடுக்கில் எழுதினார்: ஜன்னல் ஒன்று, தெற்குச் சுவர், தாழ்வாக.