மூடியில் எழுதிய பெயர்

முந்திக்கொண்டு அக்காவிடம் போனில் சொன்னது நான்தான். மருந்து வேலை செய்கிறது, பையன் பிழைத்தான் என்று. இந்த வாய் ஒருநாள் சும்மா இருந்ததா?

அக்கா மகன் பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருந்தான். வயிற்றில் இருக்கும்வரை சிவப்பணுவைக் கவனித்துக்கொள்வது ஒரு ஜீன். பிறந்த சில மாதங்களில் அது ஓய்ந்துவிடும், இன்னொன்று பொறுப்பேற்கும். இவனுக்கு அந்த இன்னொன்று பழுது. அதனால் மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையிலும் குத்திக் குத்தித் தேடுவாள்.

ஓய்ந்துபோன ஜீனை எழுப்பும் மருந்து ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் சோதிக்கிறோம். அவனுடைய அணுக்களைக் குழிகள் உள்ள தட்டில் ஒரு குழியில் சிவப்பணுவாக வளர்ப்பது என் வேலை. நின்று நின்று கால் மரத்துப்போகும் வேலை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் குழியில் யாரோ ஒரு பெண் குழந்தையின் தொப்புள்கொடி ரத்த அணுக்கள். அதில் அந்த ஜீன் இயல்பாகவே விழித்திருக்கும். மருந்து இரண்டு குழியிலும் போடுவோம். அவன் பெயருக்கு நேராக மெஷினில் அந்த ஜீன் விழித்ததைக் காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை; பக்கத்துக் குழியின் கோடு ஏறாததைக் கவனிக்கவே இல்லை. அக்கா போனிலேயே அழுதாள்.

எங்கள் மேடம் சரியான சந்தேகப் பேர்வழி. ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு ஜீனையும் பார்த்துவிடச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே பார்த்தேன். கோடு ஏறிய குழியில் அது இல்லவே இல்லை. ஏறாத குழியில் இருந்தது. அப்படியென்றால் ஏறியது அந்தப் பெண் குழந்தையின் அணுக்கள்.

பெயர்களைத் தட்டின் அடியில் எழுதாமல் மூடியில் எழுதியிருந்தேன். எப்போதோ மூடியை இடவலம் மாற்றிப் போட்டிருக்கிறேன், பெயர்கள் குழி மாறிவிட்டன. புதிதாக வருகிறவர்களை இதற்குத்தான் வாய் வலிக்கத் திட்டுவேன். மறுபடி வளர்த்துப் பார்க்கலாம் என்றார் மேடம். யாரை ஏமாற்ற? அதே பையன், அதே அணுக்கள்தானே. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. நின்றபடியே அக்காவை அழைத்தேன்.

"தப்பா சொல்லிட்டேன்க்கா. அது அவனோடது இல்ல. அவனுக்கு மருந்து கேக்கல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை.

"இனிமே ஊசி இல்லன்னு அவன்கிட்ட சொல்லிட்டேனேடி. நீயே பேசு" என்று போனை மகனிடம் கொடுத்துவிட்டாள்.

"சித்தி, இனிமே ஊசி கிடையாதுதானே?"

"இருக்குடா கண்ணு."

பிறகு கேட்டான்.

"இந்த வாட்டி எந்தக் கை?"